சிறிய விமானத்தின் மின்சாரத்தில் டேப்லெட்டை சார்ஜ் செய்யலாமா?

பாளைப் பறவை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையைச் சேர்ந்தவன். வெளிமாநிலத்தில் உள்ள ஒரு பயிற்சிப் பள்ளியில் வணிக விமானி உரிமத்துக்காகப் பயின்று வருகிறேன். அந்த உரிமத்துக்கு வேண்டிய 300 கடல் மைல் தனிப்பயணம் எனக்கு அடுத்து வரவிருக்கிறது. வழியில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். வரைபடங்களையும் நிலையக் குறிப்புகளையும் டேப்லெட்டில் வைத்திருக்கிறேன். வெயிலில் படிப்பதற்காகத் திரையின் வெளிச்சத்தை முழுமையாகக் கூட்டினால், பயணம் முடிவதற்குள் சார்ஜ் இறங்கிவிடும் போலிருக்கிறது.

பள்ளியில் பழையதும் புதியதுமாகச் செஸ்னா 172 விமானங்கள் இருக்கின்றன. பழைய விமானத்தின் முகப்புப் பலகையில் சிகரெட் லைட்டர் துளை மட்டும் இருக்கிறது. புதியதில் 12 வோல்ட் என்று எழுதிய சாக்கெட் ஒன்றும், அதற்கென்று தனி ஸ்விட்சும் உள்ளன. வீட்டுக் காரில் பயன்படுத்தும் யூஎஸ்பி சார்ஜரை இவ்விரண்டிலும் செருகலாமா? உடன் பயிலும் நண்பர் ஒருவர் அப்படிச் செருகியபோது ஹெட்செட்டில் இடைவிடாத இரைச்சல் கேட்டதாகச் சொன்னார். அதற்குக் காரணம் என்ன? விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போவதற்குள் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தச்சநல்லூர் ஆட்டோ எலக்ட்ரிக் எழுதியது:

தம்பி, நான் விமானத்தில் வேலை பார்த்தவன் அல்லன். பஸ், லாரிகளின் மின்பணி செய்கிறவன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பதில் ஒரு பகுதி எங்கள் பட்டறையில் அன்றாடம் வருகிற விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

கார்களில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. என்ஜின் ஓடும்போது அது ஏறத்தாழ 14 வோல்ட்டுக்கு ஏறும். லாரியிலும் பஸ்ஸிலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். என்ஜின் ஓடும்போது அங்கே 28 வோல்ட் வரை நிற்கும். சாக்கெட்டின் உருவம் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால், காருக்கு வாங்கிய சார்ஜரை லாரியில் செருகிப் புகையவிட்டு எடுத்து வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்த சார்ஜரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மின் நுழையும் இடத்தில் இருக்கும் கப்பாசிட்டரில் 16 என்றோ 25 என்றோ எழுதியிருக்கும். அது தாங்கக்கூடிய வோல்ட் அவ்வளவுதான். லாரிக்கென்று செய்த நல்ல சார்ஜரில் 35 அல்லது அதற்கு மேல் தாங்கும் உறுப்பைப் போட்டிருப்பார்கள். ஆகவே வெளியே 12–24 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை மிகக் குறைந்த சார்ஜர்களில் அந்த அச்சையும் அப்படியே நம்பிவிட முடியாது.

பழைய விமானத்தின் துளையில் எத்தனை வோல்ட் வருகிறது என்பதை, பொறுப்பானவர் ஒருவர் உடனிருக்க, மல்டிமீட்டரை வைத்து என்ஜின் ஓடும்போதே அளந்து பார்ப்பது நல்லது. நடு முனை பாசிட்டிவ், சுற்றுச் சுவர் நெகட்டிவ் என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளலாம்.

லாரி ஓட்டுநர்கள் சிலர் பாட்டுப் பெட்டிக்காக இரண்டு பேட்டரிகளின் நடுவிலிருந்து 12 வோல்ட்டை இழுத்துக்கொள்வார்கள். அதனால் ஒரு பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், மற்றது பட்டினி கிடக்கும், இரண்டும் விரைவில் வீணாகும். ஒரு கன்வெர்ட்டரைப் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம் அது. எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

தென்காசி ஏஎம்இ எழுதியது:

அண்ணாச்சி வோல்ட்டைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விமானத்துக்கே உரியவற்றைச் சேர்க்கிறேன்.

செஸ்னா 172 என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதன் மின்னமைப்பு எத்தனை வோல்ட் என்று சொல்லிவிட முடியாது. 1970களின் பிற்பகுதி வரை வந்தவற்றில் 14 வோல்ட் அமைப்பும், அதற்குப் பின் வந்தவற்றில் 28 வோல்ட் அமைப்பும் உள்ளன. எனவே அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் கையேட்டில் மின்னமைப்பைப் பற்றிய பகுதியைப் படித்து, பேட்டரியின் மீதுள்ள சீட்டையும் பார்க்க வேண்டும். பழைய விமானத்தின் லைட்டர் துளையில் பெரும்பாலும் விமானத்தின் வோல்ட் அப்படியே வந்து நிற்கும். புதியதில் நீங்கள் பார்த்த சாக்கெட்டுக்குப் பின்னால் 28 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்கு 10 ஆம்பியர் என்ற வரம்பும், எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடும் கையேட்டின் துணைப்பகுதியில் தரப்பட்டிருக்கும்.

28 வோல்ட் அமைப்பில் எப்போதும் 28தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் பழுதாகி வோல்ட் ஏறினால், ஏறத்தாழ 32 வோல்ட்டை எட்டும்போதுதான் பாதுகாப்பு அமைப்பு, என்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைத் துண்டிக்கும். அதுவரை உங்கள் சார்ஜரும் அந்த அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது வோல்ட் சட்டென்று விழுந்து மீண்டும் எழும்பும். ஆகவே என்ஜின் ஓடத் தொடங்கி, ஆல்டர்னேட்டர் சீராக சார்ஜ் செய்வதை அம்மீட்டரில் கண்ட பிறகே எதையும் செருகுங்கள். என்ஜினை நிறுத்துவதற்கு முன்பே அதைக் கழற்றிவிடுங்கள்.

இனி இரைச்சல். என் பார்வையில் இந்தத் திரியின் முக்கியமான கேள்வி இதுதான். சார்ஜர் எரிந்துபோனால் சார்ஜரோடு போயிற்று. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் காதில் விழாமல் போனால் அதன் விளைவு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. யூஎஸ்பி சார்ஜருக்குள் மின்சாரம் ஒரு வினாடியில் பல லட்சம் முறை துண்டிக்கப்பட்டும் இணைக்கப்பட்டும்தான் 5 வோல்ட்டாக இறங்குகிறது. அந்த வேகத்தின் மடங்குகள் வானொலி அலைகளாகச் சிதறி மேலே மேலே பரவும். விமானப் பேச்சு வானொலி 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அதுவும் இன்றளவும், அலையின் வலிமையை மாற்றி ஒலியை அனுப்பும் ஏஎம் முறையிலேயே இயங்குகிறது. எஃப்எம் வானொலி இத்தகைய குறுக்கீட்டை ஓரளவு ஒதுக்கித் தள்ளும், ஏஎம் அதை அப்படியே ஒலியாக மாற்றிக் காதில் தரும். வடிகட்டும் உறுப்புகளைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்திருந்தால் இரைச்சல் கூடும். நண்பரின் சார்ஜர் அத்தகையதாக இருக்கலாம்.

தரையிலேயே இதைச் சோதித்துவிடலாம். என்ஜின் ஓட, வானொலியின் ஸ்குவெல்ச்சை, அதாவது குரல் வராதபோது சீறலை அடக்கி வைக்கும் அமைப்பை, திறந்து வைத்து இயல்பான சீறலைக் கேளுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி, டேப்லெட்டையும் இணைத்து, நீங்கள் பயன்படுத்தப் போகும் அலைவரிசைகள் ஒவ்வொன்றிலும் அந்தச் சீறல் மாறுகிறதா என்று கவனியுங்கள். ஓர் அலைவரிசையில் அமைதியாக இருப்பது அடுத்ததில் உரக்கக் கேட்கக்கூடும் என்பதால் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. வெறும் சார்ஜர் அமைதியாக இருந்து, டேப்லெட்டை இணைத்ததும் இரைந்தால், கேபிளே ஆண்டெனாவாகிவிட்டது என்று பொருள். அங்கே குட்டையான கேபிளும் அதில் மாட்டிய, இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையமும் உதவும். ஸ்குவெல்ச்சை மூடி வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. தொலைவிலிருந்து மெலிதாக வரும் குரலை அந்த இரைச்சல் விழுங்கியிருப்பது, அந்தக் குரல் தேவைப்படும் நேரத்தில்தான் தெரியவரும்.

செங்கோட்டைச் சாரல் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றை எடுத்துச் சென்றால் போதுமே. 3.7 வோல்ட்டால் பெருக்கினால் அது 74 வாட்-மணி. இழப்பு போக 60 கிடைத்தாலும், 20 முதல் 30 வாட்-மணி கொள்ளளவுள்ள டேப்லெட்டை இரண்டு முறை நிரப்பிவிடலாம். விமானத்தின் ஒயரைத் தொடவே வேண்டியதில்லை.

வள்ளியூர் விமானி எழுதியது:

பறக்கும் பயிற்சி அளிக்கிறவள் என்ற முறையில் இந்தக் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். பயிற்சி மாணவர்களுக்கு நானும் பவர் பேங்கையே பரிந்துரைக்கிறேன். ஆனால் வெப்பத்தை யாரும் இன்னும் பேசவில்லை. பல டேப்லெட்டுகளுக்கு அவற்றின் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் இயக்க வெப்பநிலையின் மேல் வரம்பு 35 டிகிரி. நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் நிழலிலேயே அந்த அளவு தாண்டிவிடும். கண்ணாடி சூழ்ந்த விமானத்தின் உள்ளே, வெயில் நேராக விழும் இடத்தில் கவ்வியிருக்கும் டேப்லெட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜ் ஏறும்போது டேப்லெட் தன் பங்குக்கும் சூடாகும். திரை மங்கி, பிறகு எச்சரிக்கை காட்டி, இறுதியில் அணைந்தே போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சார்ஜ் நிறைய இருக்கும்போதே வரைபடம் மறைந்துவிடுகிறது.

எனவே புறப்படும்போதே டேப்லெட் முழுமையாக நிரம்பியிருக்கட்டும். குளிர்ந்த காற்று கிடைக்கும் உயரத்தில், காற்றுத் துளையின் அருகில் வைத்து, விரைவு சார்ஜைத் தவிர்த்து மெதுவாக ஏற்றுங்கள். பவர் பேங்கை முகப்புக் கண்ணாடியின் கீழ் வெயிலில் வைக்கக் கூடாது. ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி அடிக்கும் என்பது காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியும். அத்தகைய குலுக்கலில் கட்டப்படாத பவர் பேங்க் இருக்கைக்கு அடியில் உருண்டு காலால் மிதித்து விமானத்தைக் கட்டுப்படுத்தும் ரடர் பெடலருகே போய் நிற்கலாம். அதைக் கையெட்டும் பையில் வைத்துப் பூட்டுங்கள். சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்கும்படியும் இருக்க வேண்டும். கேபிள் எதுவும் விமானத்தை இயக்கும் கைப்பிடியான யோக்கையோ அதன் சமநிலையைச் சரிசெய்யும் டிரிம் சக்கரத்தையோ குறுக்கே கடக்கக் கூடாது. கைபேசியையும் காந்தம் உள்ள தாங்கியையும் திசைகாட்டியின் அருகே கொண்டு போகாதீர்கள்.

உங்கள் பள்ளி விமானங்களில் எந்தச் சாதனத்தை எப்போது பயன்படுத்தலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது பள்ளிதான். தலைமைப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். தாள் வரைபடமும் கையில் இருக்கட்டும்.

பாளைப் பறவை கேட்டது:

அண்ணாச்சிக்கும் ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பயணத்தின் நடுவில் ஆல்டர்னேட்டர் பழுதானால் இந்தச் சிறு சார்ஜர் உண்மையில் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும்? அடுத்து, பிற்காலத்தில் சொந்தமாக ஒரு பழைய விமானம் வாங்கினால், லைட்டர் ஒயரிலிருந்தே ஒரு யூஎஸ்பி துளையை நிரந்தரமாகப் பொருத்திக்கொள்ளலாமா?

தென்காசி ஏஎம்இ எழுதியது:

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பார்ப்போம். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது புதியதாக இருக்காது என்பதால் 9 ஆம்பியர்-மணியை மட்டும் நம்பலாம். ஆல்டர்னேட்டர் நின்றதும் தேவையற்றவற்றை அணைத்து, சுமையை 10 ஆம்பியருக்குக் குறைத்தால் 54 நிமிடங்கள் கிடைக்கும். இரண்டு டேப்லெட்டுகள் சேர்ந்து 60 வாட் இழுத்துக்கொண்டிருந்தால், கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து அது 2.8 ஆம்பியர், 54 நிமிடம் 42 ஆகிவிடும். மணிக்கு 105 கடல் மைல் வேகத்தில் அந்த 12 நிமிடம் என்பது 21 கடல் மைல். பாளையங்கோட்டையில் இருந்து புறப்பட்டு வாகைக்குளம் விமான நிலையத்தையும் கடந்து போய்விடக்கூடிய தொலைவு அது. என்ஜினோடு சுழலும் மேக்னெட்டோக்கள் பேட்டரியின்றித் தாமே மின்பொறி தருவதால் என்ஜின் நிற்காது. ஆனால் வானொலி, விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர், விளக்குகள், செஸ்னாவில் இறக்கையின் பின்புறம் இறங்கும் ஃபிளாப் உட்பட மற்ற அனைத்தும் அந்த பேட்டரியை நம்பியிருக்கின்றன. குறைந்த வோல்ட் எச்சரிக்கை விளக்கு எரிந்து, கையேட்டின்படி செய்தும் ஆல்டர்னேட்டர் திரும்பவில்லை என்றால், முதலில் கழற்ற வேண்டிய பொருள்களில் உங்கள் சார்ஜர் ஒன்று.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: நீங்களாகப் பொருத்தக் கூடாது. செருகிக் கழற்றும் சார்ஜர் வேறு. விமானத்தின் ஒயரில் இணைத்துவிட்டால் அது விமானத்தில் செய்யப்பட்ட மாற்றம். ஒப்புதல் பெற்ற ஆவணங்களின்படி அதைச் செய்து, உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்டு விமானத்தின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். டிஎஸ்ஓ-சி71 என்ற தரத்தின்படி விமானத்துக்கென்றே செய்யப்பட்ட யூஎஸ்பி சார்ஜர்கள் விற்பனையில் உள்ளன. 14 வோல்ட்டிலும் 28 வோல்ட்டிலும் இயங்குபவையும் அவற்றுள் உண்டு. அப்படி ஒன்றை வாங்குவது விலை கூடுதல் என்றாலும் சரியான வழி.

ஒயரையும் சர்க்கியூட் பிரேக்கரையும் பற்றிப் பலரும் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறார்கள். பிரேக்கர் இருப்பது உங்கள் டேப்லெட்டைக் காப்பதற்கு அன்று, ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. லைட்டருக்கான தடித்த ஒயரிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்றைப் பிரித்தெடுத்துவிட்டு, பழைய பெரிய பிரேக்கரையே நம்பியிருந்தால், அந்த மெல்லிய ஒயர் பழுக்கக் காய்ந்தாலும் பிரேக்கர் விழாது. பிரியும் இடத்திலேயே அந்த ஒயரின் பருமனுக்கு ஏற்ற தனி ஃப்யூஸோ பிரேக்கரோ வேண்டும். கடையில் கிடைக்கும் பிவிசி உறை ஒயரையும் பயன்படுத்தக் கூடாது. அது எரிந்தால் வரும் நச்சுப் புகையிலிருந்து விலகிப் போக அந்தச் சிறிய அறையில் இடம் இல்லை. விமானத்துக்கென்று டெஃப்செல் போன்ற உறையுடன் வரும் ஒயரையே பொறியாளர் பயன்படுத்துவார். அதற்கு முன்பு எல்லாச் சுமைகளையும் கூட்டிப் பார்த்து, தொடர்ந்து இயங்குபவை ஆல்டர்னேட்டர் திறனில் 80 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்கின்றனவா என்பதையும் சரிபார்ப்பார். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு அது 48 ஆம்பியர்.

இப்போதைய பயணத்துக்கு வள்ளியூர்க்காரம்மா சொன்னபடி நிரம்பிய டேப்லெட்டோடும் பவர் பேங்கோடும் செல்லுங்கள். அதை இணைத்தும் ஒருமுறை ஸ்குவெல்ச் சோதனையைச் செய்யுங்கள், ஏனென்றால் பவர் பேங்குக்குள்ளும் அதே வகை கன்வெர்ட்டர்தான் இருக்கிறது.