புதுப்பிப்பு: தலசீமியாவில் ஒரே பீட்டா மரபணுப் பிறழ்வு, அண்ணனுக்கு ஒரு மாதிரி, தங்கைக்கு வேறு மாதிரி ஏன்?

ஹீமோகுளோபின் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது; மரபணுக் கோளாறால் இவை குறைவதே தலசீமியா. இதுபற்றிய முந்தைய இழையில் பீட்டா மரபணுவை மட்டும் பேசியிருந்தோம். பின்னூட்டத்தில் அதிகம் வந்த கேள்வி தலைப்பில் இருப்பதுதான். விடை பெரும்பாலும் ஆல்ஃபா பக்கம் இருக்கிறது.

பீட்டா சங்கிலி குறைந்தால் ஜோடியில்லாமல் மிஞ்சும் ஆல்ஃபா சங்கிலிகள் படிந்து, சிவப்பணுக்களை மஜ்ஜையிலேயே அழிக்கின்றன. நோயின் கடுமை இந்த மிச்சத்தைப் பொறுத்தது. ஆல்ஃபா மரபணுக்கள் வழக்கமாக 4. அவற்றில் 2 இல்லாத குழந்தைக்கு மிச்சம் குறையும். ரத்தம் ஏற்றும் தேவை தள்ளிப்போகலாம். ஒன்று மட்டும் இல்லையென்றால், இரண்டு பீட்டா மரபணுக்களும் அறவே வேலை செய்யாத குழந்தைக்குப் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம். ஆல்ஃபா 16ஆம் குரோமோசோமிலும் பீட்டா 11இலும் இருப்பதால், உடன்பிறந்தவர்களுக்கு இவை தனித்தனியாகவே கடத்தப்படும்.

தலைகீழாகவும் நடக்கும். ஆல்ஃபா 5 அல்லது 6 இருந்தால், ஒரே ஒரு பீட்டா பிறழ்வுள்ள 'வெறும் கேரியர்' (பிறழ்வைச் சுமந்தாலும் பொதுவாக நோய் இல்லாத) குழந்தைக்கும் மண்ணீரல் வீங்கி, ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கலாம். பெற்றோரில் ஒருவர் மட்டுமே கேரியர் என்பதால் இது எளிதில் தவறவிடப்படுகிறது.

ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி பரிசோதனை ஆல்ஃபா மரபணுக்களின் எண்ணிக்கையைக் காட்டாது. ஆல்ஃபா மரபணு நீக்கத்துக்கு கேப்-பிசிஆர், கூடுதல் பிரதிக்கு எம்எல்பிஏ என்ற மரபணுப் பரிசோதனைகளைக் கேளுங்கள். ஹெச்பிஎல்சி மாதிரியை ரத்தம் ஏற்றும் முன்பே எடுக்க வேண்டும். இன்னொன்று: பீட்டா பிறழ்வும் ஆல்ஃபா நீக்கமும் சேர்ந்த கேரியர் பெற்றோருக்கு எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) ஏறக்குறைய இயல்பாகவே வரலாம், ஆகவே ஹெச்பி ஏ2 (பீட்டா கேரியர்களுக்கு உயரும் ஹீமோகுளோபின் வகை) அளவைப் பார்க்காமல் விடாதீர்கள்.