இழை: ‘ஓய்வூதிய முடக்கம்’ சரியான சொல்தானா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு சொல் நாலு நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது. யாராவது கைகொடுங்கள்.

ஒரு விமான நிறுவனத்தை இன்னொன்று வாங்குகிறது. பெயர் வேண்டாம். ஊழியர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் போக வேண்டிய அறிவிப்பைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. எட்டுப் பக்கம். ஏழு பக்கம் ஒரே மூச்சில் முடிந்தது. எட்டாவதில் ஒரு வரி: இணைப்பு நாளிலிருந்து பழைய ஓய்வூதியத் திட்டம் ‘ஃப்ரீஸ்’ செய்யப்படும். செய்தித்தாள் பழக்கத்தில் ‘முடக்கப்படும்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அறிவிப்பு போன மறுநாளே ஒரு பெரியவர் தொலைபேசியில் பிடித்துவிட்டார். பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, எட்டுப் பக்கமும் இருக்கட்டும். அடுத்த மாசம் பணம் வருமா, வராதா?”

அவர் மேல் தப்பே இல்லை. வங்கிக் கணக்கை முடக்கினார்கள், சொத்தை முடக்கினார்கள் என்றால் இருக்கிற பணத்திலேயே கைவைக்க முடியாது என்றுதான் நாம் படிக்கிறோம். மூலம் சொன்னதோ நேர் எதிர். இதுவரை ஈட்டியது அப்படியே நிற்கும். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு காசும் குறையாது. வேலையில் இருப்பவர்களுக்கு, இனிமேல் பார்க்கும் ஆண்டுகள் அந்தப் பழைய திட்டத்தில் ஏறாது. அவ்வளவுதான்.

கணக்காகப் பார்த்தால் விளங்கும். திட்டம் ‘கடைசிச் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு, பெருக்கல் பணி ஆண்டுகள்’ என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தில் பாதி வரும். 24-ஆம் ஆண்டில் இணைப்பு வந்து திட்டம் இப்படி நின்றால், 60-ல் 24, அதாவது 40 விழுக்காடு அவருடையது. மிச்சம் ஆறு ஆண்டுக்குப் புது நிறுவனம் வேறொரு கணக்கில் பணம் போடும். அது சந்தையில் வளர்ந்தால் வளரும், தேய்ந்தால் தேயும்.

‘உறைவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். படிக்கிறவருக்குக் குளிர்பெட்டிதான் நினைவுக்கு வரும். ‘இடைநிறுத்தம்’ என்றால் நாளைக்கு மறுபடி தொடங்கும் என்ற நம்பிக்கையைக் கொடுக்கும். இந்தத் திட்டங்கள் அநேகமாகத் தொடங்குவதில்லை. வேறு என்ன?

* * *

> வேறு என்ன?

முதலில் எது நிற்கிறது என்று பிடியுங்கள், சொல் தானாக வரும். நிற்பது ஓய்வூதியம் இல்லை. அது ஆண்டுக்காண்டு சேர்வது. கணக்கியலில் இதற்கு இரண்டு தமிழ் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘கூடியுள்ள வருமானம்’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘அட்டுறு’ என்கிறது. இரண்டாவது எனக்குப் பிடிக்கும், ஒரே சொல்லாக நிற்கிறது. ஆனால் தமிழ்நாட்டு இளைஞர் வாயில் ‘அட்டு’ என்றால் படு மட்டம். ‘அட்டுறு ஓய்வூதியம்’ என்று அச்சடித்தால் சிரித்தே கிழித்துப் போடுவார்கள். ‘கூடல் நிறுத்தம்’ என்றாலோ புலவர்கள் ஊடலைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள்.

என் முன்மொழிவு: கடைக்கணக்குச் சொற்களையே எடுப்போம். ஒவ்வோர் ஆண்டு வேலையும் ஊழியர் கணக்கில் ஒரு வரவு. இன்றுவரை சேர்ந்தது இருப்பு. ஆக, ‘உரிமை வரவு’, ‘உரிமை இருப்பு’. நீங்கள் தேடுவது ‘வரவு நிறுத்தம்’.

இன்னொன்று. இணைப்புச் செய்திகளில் ‘கையகப்படுத்தல்’ என்று பொதுவாகப் போடுகிறார்கள். அந்தச் சொல் எல்லாமே வாங்கியவர் கைக்குப் போய்விட்டதாகக் காட்டுகிறது. ஓய்வூதியத்தில் அப்படி இல்லை. நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் திட்டமும் அதன் பற்றாக்குறையும் (கொடுக்க வேண்டியதற்கு நிதியில் எவ்வளவு குறைகிறதோ அது) கூடவே வரும், ஏனென்றால் முதலாளி மாறுகிறாரே தவிர நிறுவனம் அதேதான். விமானங்கள், வழித்தடங்கள், தரையிறங்கும் நேரஒதுக்கீடுகள் என்று சொத்தை மட்டும் பொறுக்கி வாங்கினால் திட்டம் பழைய கூட்டில் கிடக்கும். ஒழுங்கான ஏற்பாட்டில் நிதியே அறங்காவலர் கையில் தனியாக இருக்கும். வாங்கியவர் நினைத்த மாதிரி அதைத் தொட முடியாது. கைக்கு வருவது நிதி இல்லை, அதை நிரப்ப வேண்டிய கடன்தான்.

2010-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஐபீரியாவும் இணைய ஒப்பந்தம் போட்டபோது இதுதான் தொண்டையில் முள். பிரிட்டிஷ் பக்கத்தில் இரண்டு திட்டங்களில் சேர்த்து 370 கோடி பவுண்டு பற்றாக்குறை. அறங்காவலர்களோடு போடும் மீட்புத் திட்டம் திருப்தியாக இல்லையென்றால் விலகிக்கொள்ளும் உரிமையை ஐபீரியா எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டது.

* * *

> நீங்கள் தேடுவது ‘வரவு நிறுத்தம்’.

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் படித்ததும் எனக்கும் அந்தப் பெரியவருக்கு வந்த நடுக்கம்தான் வந்தது. கணக்குப் பிள்ளைக்கு வரவு என்றால் ஏட்டில் ஒரு பத்தி. ஓய்வு பெற்றவளுக்கு வரவு என்றால் ஒன்றாம் தேதி வரும் பணம். ‘வரவு நிறுத்தம்’ என்று கடிதம் வந்தால் நான் அன்று சாப்பிட மாட்டேன்.

விமானப் பணிப்பெண்ணாக 27 ஆண்டு பறந்தவள் நான். நடுவில் எங்கள் நிறுவனமும் கைமாறியது. அதனால் ஒரு யோசனை. பணியில் சேர்ந்த புதிதில், புறப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் பிந்தி வந்ததற்கு எனக்கு ஓர் உத்தரவு கொடுத்தார்கள்: ‘ஓராண்டுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம்.’ அன்று அழுதேன். ஆனால் சம்பளமே நின்றுவிட்டது என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. இருக்கிற சம்பளம் வரும், ஏற வேண்டியது ஏறாது என்று பியூனுக்குக்கூடத் தெரியும். நீங்கள் சொல்லும் கருத்தும் அச்சு அசலாக அதுதானே? ஏற்கெனவே ஆள்கள் பழகிய ஒரு சொல் இருக்கும்போது புதிதாக ஏன் செதுக்க வேண்டும்?

அதேபோல ‘ஈட்டிய விடுப்பு’ என்று அலுவலகத்தில் எல்லாரும் எழுதிக் கொடுக்கிறோம். வேலை பார்த்துச் சம்பாதித்த விடுப்பு, யாரும் பிடுங்க முடியாது என்ற உறுதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அப்படியானால் ‘ஈட்டிய ஓய்வூதியம்’ என்றால் போதாதா? ‘உரிமை இருப்பு’ என்பது ஏதோ கிடங்கு மாதிரி ஒலிக்கிறது.

அப்புறம், நிறுவனம் நொடித்தால் ஓய்வூதியத்தை ஏற்றுக்கொள்ளச் சில நாடுகளில் அரசு உத்தரவாத நிதி இருக்கிறதே, திட்டத்தை அதன் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்களே, அதற்குக் ‘கைகழுவல்’ என்றே வையுங்கள். கையகப்படுத்தலுக்குப் பக்கத்தில் பொருத்தமாக இருக்கும்!

* * *

அம்மா, உங்கள் மடலைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். ஊதிய உயர்வு நிறுத்தம்! கண்ணெதிரே கிடந்திருக்கிறது.

ஒரே ஒரு மாற்றம் செய்கிறேன். ‘ஓய்வூதிய உயர்வு நிறுத்தம்’ என்று அப்படியே போட்டால், விலைவாசிக்கு ஏற்ப ஓய்வூதியத்தை ஆண்டுதோறும் கூட்டிக் கொடுப்பது நின்றுவிட்டதாகப் படும். அது வேறு சங்கதி. அதற்கு நமக்கு ‘உயர்வு’ வேண்டும். ஆகவே இங்கே ‘வளர்வு’. உயர்வு என்பது வாங்குகிறவர் கையில் நடப்பது. வளர்வு என்பது வேலை பார்க்கும்போது நடப்பது. இப்போதைக்கு:

ஈட்டிய ஓய்வூதியம்: இந்த நாள் வரை பார்த்த பணிக்குச் சேர்ந்தது.
வளர்வு நிறுத்தம்: அதன் மேல் இனிச் சேராமல் நிற்பது.

வளர்வு நிறுத்தத்திலும் இரண்டு வகை உண்டு என்பதை முதல் மடலில் சொல்ல விட்டுவிட்டேன். ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டும் நின்று, சம்பளம் பின்னால் ஏறினால் அந்த ஏறின சம்பளத்தை வைத்தே கணக்கிடுவது ஒன்று. சம்பளத்தையும் அன்றைய தேதியில் ஆணியடித்துவிடுவது இன்னொன்று. என் உதாரணத்து 24 ஆண்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிது. 40 விழுக்காடு இரண்டிலும் 40 விழுக்காடுதான். எந்தச் சம்பளத்தில் 40 என்பதுதான் கேள்வி. முன்னதைப் ‘பகுதி வளர்வு நிறுத்தம்’, பின்னதை ‘முழு வளர்வு நிறுத்தம்’ என்று எழுதப்போகிறேன். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

‘கைகழுவல்’ பற்றி. அம்மாவின் கோபம் நியாயம்தான், ஆனால் அறிவிப்பில் போட முடியாது. செய்கிறவர் எழுதும் அறிவிப்பில் செய்கிறவரைத் திட்ட முடியுமா? ‘உத்தரவாத நிதிக்கு ஒப்படைப்பு’ என்று சப்பென்று எழுத வேண்டியதுதான். ஆனால் இதற்கும் வளர்வு நிறுத்தத்துக்கும் உள்ள இடைவெளி பள்ளத்தாக்கு என்பது சொல்லில் தெரிந்தே ஆக வேண்டும். செய்தியில் இரண்டையும் ‘முடக்கம்’ என்று எழுதுவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அமெரிக்காவில் ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. யூஎஸ் ஏர்வேஸ் திவால் நடவடிக்கையில் இருந்தபோது விமானிகளின் திட்டத்தை 2003-லும், மற்றவர்களுடையதை 2005-லும் அங்குள்ள ஓய்வூதிய உத்தரவாதக் கழகத்திடம் விட்டுவிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 2011-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. திட்டங்களை ஒழித்துவிடத்தான் முதலில் பார்த்தது. உத்தரவாதக் கழகம் விடாமல் மல்லுக்கட்டியதில் 2012-ல் வளர்வு நிறுத்தத்தோடு நின்றது. 2013 டிசம்பரில் இரண்டும் இணைந்தன. ஒரே சீருடை, ஒரே விமானம். ஒருவருக்கு ஈட்டிய ஓய்வூதியம் நிறுவனத்தின் திட்டத்திலிருந்தே வரும். பக்கத்தில் நிற்பவருக்கு உத்தரவாதக் கழகம் தரும், அதுவும் சட்டம் வைத்த உச்சவரம்புக்குள்.

அந்த உச்சவரம்பு எப்படிக் கடிக்கும் என்பதற்கு யுனைடெட் போதும். 2005-ல் அது நான்கு திட்டங்களை ஒப்படைத்தபோது பற்றாக்குறை 980 கோடி டாலர். அதில் உத்தரவாதக் கழகம் ஏற்றது 660 கோடி. மிச்சம் ஊழியர்கள் தலையில். அவ்வாண்டு 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 45,614 டாலர். அதற்கு முன்னால் ஓய்வு பெற்றால் இன்னும் குறையும். விமானிகளையோ 60 வயதுக்கு மேல் பயணிகள் விமானம் ஓட்டக் கூடாது என்று சட்டமே அப்போது இறக்கிவிட்டது. ஒரு சட்டம் அறுபதில் இறங்கு என்கிறது, இன்னொரு சட்டம் அறுபத்தைந்து வரை பறக்கவில்லையே என்று பிடித்துக்கொள்கிறது.

சொத்தை மட்டும் பொறுக்காமல், பற்றாக்குறையையும் வாங்காமல் நடுவில் ஒரு வழி பிரிட்டனில் நடந்தது. 2012-ல் லுஃப்தான்சாவிடமிருந்து பிஎம்ஐ நிறுவனத்தை, பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனம் வாங்கியபோது ஓய்வூதியத் திட்டம் கூட வரவில்லை. அது அந்நாட்டு ஓய்வூதியப் பாதுகாப்பு நிதிக்குப் போனது. ஓய்வு வயதை எட்டாதவர்களுக்கு அந்த நிதியின் விதிப்படி 90 விழுக்காடுதான். விற்ற லுஃப்தான்சா 8.4 கோடி பவுண்டு தனியாக ஒதுக்கி ஓரளவு ஈடுகட்டியது. இதை ‘முடக்கம்’ என்று எழுதினால் என்ன புரியும்?

ஏர் இந்தியாவைப் பற்றித் தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே கதை வேறு. டாடாவிடம் 2022 ஜனவரியில் கைமாறுவதற்குச் சற்று முன், 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்த ஊழியர் சேமநிதி, மத்திய அரசின் வருங்கால வைப்பு நிதி அமைப்பான இபிஎஃப்ஓவின் கீழ் வந்தது. டிசம்பர் மாதக் கணக்கில் 7,453 பேர். நிறுவனத்தின் பங்களிப்பு 10-லிருந்து 12 விழுக்காடானது. இங்கே எதுவும் நிற்கவில்லை, இடம் பெயர்ந்தது. ‘நிதி இடமாற்றம்’ என்றாலே போதும்.

திருத்திய வரியைக் கீழே வைக்கிறேன்:

“இணைப்பு நாளிலிருந்து பழைய திட்டத்தில் வளர்வு நிறுத்தம் செய்யப்படுகிறது. அந்த நாள் வரை நீங்கள் ஈட்டிய ஓய்வூதியம் குறையாது. இப்போது ஓய்வூதியம் பெற்று வருபவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.”

கடைசி வாக்கியம் மூலத்தில் இந்த இடத்தில் கிடையாது. மூன்றாம் பத்தியில் எங்கோ புதைந்திருந்ததை இழுத்து மேலே போட்டேன். அனுமதி வாங்கிவிட்டேன். பெரியவருக்குப் படித்துக் காட்டியபோது, “இதை முதல்லயே எழுதியிருக்கலாமே தம்பி” என்றார்.

* * *

> யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

மறுப்பு இல்லை, வரவை விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆனால் மூன்றாவது நிலை ஒன்று விடுபட்டிருக்கிறது. புதிதாகச் சேர்பவர்களைத் திட்டத்தில் எடுக்காமல், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் வளரவிடுவது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் புதிய திட்டம் 2003-ல் இப்படித்தான் ஆனது. உள்ளே இருந்தவர்களின் வளர்வு நின்றது 2018-ல்தான். நடுவில் 15 ஆண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் போட முடியாது.

‘கதவடைப்பு’ என்று எழுதலாம் என்று பார்த்தேன். தொழிற்சங்கக்காரர்கள் அடிக்க வருவார்கள், அது ஆலையைப் பூட்டுவது. ‘சேர்க்கை நிறுத்தம்’ பள்ளிக்கூட வாடை அடித்தாலும் தவறாகப் படிக்க வழியில்லை. அம்மா என்ன சொல்கிறார்கள்?

* * *

சேர்க்கை நிறுத்தம் இருக்கட்டும். வெளியே நிற்பவர்களுக்குத்தான் அது கதவு. உள்ளே இருந்த எங்களுக்கு 15 ஆண்டு ஒன்றும் தெரியாது. ‘புதியவர்’ என்று முன்னால் ஒட்டிவிடுங்கள்: புதியவர் சேர்க்கை நிறுத்தம். நீளம்தான். ஆனால் யாரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.