வில்லாபுரம் வீட்டார் குழு: 2026 பிப்ரவரி 12, வியாழன் இரவு

*நித்யா, 7:40*
சர்க்கரை போடாத கேக் மதுரையில் எங்கே நன்றாக இருக்கும்? அரைக் கிலோ போதும். சனிக்கிழமை 14ஆம் தேதி. கார்த்திக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 என்று வந்திருக்கிறது, அதனால் வழக்கமான கேக் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

*அருண், 7:41*
அண்ணி, சர்க்கரை இல்லாத கேக்குக்குப் பெயர் ரொட்டி 😂

*சுந்தரம் பெரியப்பா, 7:44*
↪️ பலமுறை பகிரப்பட்டது
கருப்பட்டி அல்வா தினமும் சாப்பிடுங்கள்! சர்க்கரை நோய் ஓடியே போகும்! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!

*உமா அத்தை, 7:47*
அண்ணா, முதலில் இதை அழியுங்கள். கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான். கொஞ்சம் இரும்பு, பொட்டாசியம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு கிண்ணம் அல்வா உள்ளே போனால் ரத்தத்தில் ஏறுவது ஏறியே தீரும்.

*சுந்தரம் பெரியப்பா, 7:48*
அனுப்பியவர் ஒரு ரிட்டயர்டு என்ஜினியர் 🙏

*உமா அத்தை, 7:48*
பாலம் கட்டட்டும்.

*உமா அத்தை, 7:51*
நித்யா, பயப்படாதே. 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 வந்தால்தான் சர்க்கரை நோய் என்பார்கள். இப்போதே நடை, சாப்பாடு, எடை மூன்றையும் கவனித்தால் எண்ணைக் கீழே இறக்க முடியும். ஆஸ்பத்திரி வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.
சர்க்கரை போடாத கேக்கிலும் மைதா உண்டு, அது உள்ளே போய்ச் சர்க்கரையாகத்தான் மாறும். சிலவற்றில் மால்டிட்டால் என்று ஓர் இனிப்பு சேர்ப்பார்கள். கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். காதலர் தினத்தன்று அது தேவையா?

*அருண், 7:52*
😂😂😂

*நித்யா, 7:53*
அப்போ கேக்கே கூடாதா அத்தை?

*உமா அத்தை, 7:58*
யார் சொன்னது? நல்ல கேக்கில் ஒரு சிறு துண்டு வாங்குங்கள், இருவரும் ஆளுக்குப் பாதி. எப்போது சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் விஷயம். ராத்திரி 11 மணிக்கு வெறும் வயிற்றில் வெட்டாதீர்கள். முதலில் காய்கறி, பிறகு முட்டையோ பனீரோ சுண்டலோ, கடைசியில் சோறு அல்லது சப்பாத்தி, அதுவும் அளவாக. கேக் அதற்கப்புறம். சாப்பிட்டு முடித்ததும் சோபாவில் சாயாமல் கால் மணி நேரம் நடங்கள். நடக்கும்போது தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறையும். தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினாலே கணக்கு முடிந்தது.

*அருண், 7:59*
தெப்பக்குளத்தைச் சுற்றி இருக்கும் கடைகளை என்ன செய்வது அத்தை? ஒரு பக்கம் பஜ்ஜி, ஒரு பக்கம் பானிபூரி

*உமா அத்தை, 7:59*
பார்த்துக்கொண்டே நடக்கலாம். கண்ணுக்கு கலோரி கிடையாது.

*சுந்தரம் பெரியப்பா, 8:03*
இதெல்லாம் நம் பண்பாடே இல்லை. நம் காலத்தில் காதலர் தினம் எங்கே இருந்தது?

*வசந்தா பெரியம்மா, 8:05*
ஏன் இல்லை? நாளை மாசி பிறக்கிறது. மாசியில் காமன் பண்டிகை என்று ஊர் ஊராக நடத்தினார்களே, அது யாருக்கு, மன்மதனுக்குத்தானே?

*அருண், 8:05*
பெரியம்மா 🔥

*பிரியா, 8:10*
ஓசூரிலிருந்து ஒரு தகவல். சிவப்பு ரோஜா, இங்கே தாஜ்மகால் ரகம் என்பார்கள், இந்த வாரம் விலை தாறுமாறு. 20 பூ கொண்ட கட்டாகக் கட்டி, குளிர் அறையில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 15ஆம் தேதி வாங்கினால் அதே பூ, பாதி மனக்கஷ்டம்.
அப்புறம் அண்ணி, பூங்கொத்து ரோஜாவின் இதழைப் பிய்த்துக் கேக் மேலோ பாயசத்திலோ தூவாதீர்கள். ரீல்ஸில் அழகாகத்தான் இருக்கும். இது பூச்சிமருந்து அடித்து வளர்க்கும் பூ, சாப்பிடுவதற்கானது இல்லை.

*நித்யா, 8:12*
தூவலாம் என்றுதான் இருந்தேன் 🙈 சரி, மல்லி வாங்கிவிடலாமா?

*வசந்தா பெரியம்மா, 8:13*
பனிக்காலம் முழுதாகப் போகவில்லை, வரத்து குறைவு. மல்லி ரோஜாவை விடக் கொழுத்த விலை விற்கும். ஒரு முழம் வாங்கு, போதும்.

*கார்த்தி, 8:21*
எல்லோருக்கும் வணக்கம். நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

*அருண், 8:21*
அய்யோ

*கார்த்தி, 8:26*
ரிப்போர்ட் வந்ததிலிருந்து வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தால்கூட "எத்தனையாவது?" என்று குரல் வருகிறது. டீயில் சர்க்கரையை நானாகத்தான் நிறுத்தினேன், அதை யாரும் பார்க்கவில்லை. காலையில் வண்டியூர் வரை நடக்கிறேன், அதையும் யாரும் குழுவில் போடவில்லை. கேக் வேண்டுமா வேண்டாமா என்று குழுவில் ஆறு பேர் பேசியாகிவிட்டது. என்னைத் தவிர.

*நித்யா, 8:28*
ஆச்சரியமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன் கார்த்தி

*கார்த்தி, 8:28*
வில்லாபுரம் முழுக்கத் தெரிந்த ஆச்சரியமா?

*உமா அத்தை, 8:31*
அவன் கேட்பது நியாயம். வார்டிலும் இதுதான் நடக்கும். மனைவி காவல்காரியாகிவிட்டால் கணவன் ஒளித்துத் தின்ன ஆரம்பித்துவிடுவான், அப்புறம் டாக்டரிடமும் பொய் சொல்வான். இந்த வீட்டிலேயே ஒருவர் அலமாரிக்குப் பின்னால் மைசூர்பாகு வைத்திருந்தார், பெயர் சொல்லமாட்டேன்.

*சுந்தரம் பெரியப்பா, 8:32*
பழைய கதை எதற்கு

*நித்யா, 8:34*
சரி, நேராகவே கேட்கிறேன். சனிக்கிழமை உனக்கு என்ன வேண்டும்?

*கார்த்தி, 8:39*
போன வருஷம் மாதிரி பஃபே வேண்டாம். ஒரு மணி நேரம் வரிசை, கொடுத்த காசுக்குத் தின்றாக வேண்டும் என்று மூன்று தட்டு, பாதிச் சாப்பாட்டில் போட்டோ, ராத்திரி முழுக்க நெஞ்செரிச்சல். நாம் இருவருமே சமைக்கலாம். நான் மீன் குழம்பு வைக்கிறேன், நீ காய் நறுக்கு. அன்று ஒரு நாள் மட்டும் 6.2 என்ற எண்ணை யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

*வசந்தா பெரியம்மா, 8:40*
சனிக்கிழமை மீனா?! மறுநாள் சிவராத்திரி!

*கார்த்தி, 8:41*
காளான் மிளகு வறுவல் பெரியம்மா. மீனை அழித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*நித்யா, 8:43*
வறுவல், பீன்ஸ் பொரியல், கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், ஆளுக்கு ஒரு கரண்டி சோறு. ஒரே ஒரு சாக்லேட் கேக் துண்டு, இரண்டு ஸ்பூன். போன்கள் ஃப்ரிட்ஜ் மேல். சம்மதமா?

*கார்த்தி, 8:43*
சம்மதம். மல்லி நான் வாங்குகிறேன், விலை கேட்காதே.

*நித்யா, 8:44*
❤️

*உமா அத்தை, 8:49*
சிவராத்திரி என்றதும்தான் ஞாபகம் வந்தது. கார்த்தி மாத்திரை எதுவும் எடுக்கவில்லை, ஞாயிறு விரதம் இருந்தால் பிரச்சினை இல்லை. சுந்தரம் அண்ணா அப்படி இல்லை. அவர் போடும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைச் சாப்பாடு இல்லாமல் போட்டால், அது சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடும். நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்து அளவு கேளுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் விரதம் அதோடு முடிந்தது, அந்த நேரத்தில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கலாம்.

*சுந்தரம் பெரியப்பா, 8:51*
காதலர்கள் பேச்சில் என்னை எதற்கு இழுக்கிறாய் உமா?

*பிரியா, 8:52*
அப்பா, நீங்களும் ஒரு காதலர்தான். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று இப்போதாவது கேளுங்கள்.

*சுந்தரம் பெரியப்பா, 8:55*
வசந்தா, என்ன வேண்டும்?

*அருண், 8:55*
ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கேட்கிறார் 🤦

*வசந்தா பெரியம்மா, 8:58*
கண் பரிசோதனைக்குத் தீபாவளியிலிருந்து கூப்பிடுகிறேன். நாளை மறுநாள் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை காலையில் என்னோடு வாருங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

*உமா அத்தை, 9:01*
அண்ணி கேட்டது சரியான பரிசு. சர்க்கரை இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது விழித்திரையைப் பார்க்க வேண்டும், பார்வை நன்றாக இருக்கிறது என்பதற்காக விடக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் இருக்காது. கண்மணி விரிய மருந்து ஊற்றுவார்கள், சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். ஸ்கூட்டரில் போகாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள், கூலிங் கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

*பிரியா, 9:02*
அப்பா கூலிங் கிளாஸில், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. போட்டோ கட்டாயம் வேண்டும்.

*சுந்தரம் பெரியப்பா, 9:06*
சரி. 9 மணிக்குக் கிளம்பலாம். வழியில் காபி உண்டா?

*வசந்தா பெரியம்மா, 9:07*
உண்டு. சர்க்கரை கிடையாது.

*நித்யா, 9:10*
ஒரே ஒரு சிக்கல். சாப்பிட்டு நடக்கப் போகும்போது பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது?

*அருண், 9:11*
நான் வருகிறேன் அண்ணி. தனி ஆள், வேறு என்ன வேலை. ஆனால் எனக்குச் சுண்டல் வேண்டாம், பன் பரோட்டா.

*கார்த்தி, 9:12*
வீட்டுக்குள் கொண்டு வராதே. மொட்டை மாடியில் வைத்துத் தின்றுவிட்டு வா.