விபத்து நடந்த இடத்தில் முதலில் என் பாதுகாப்பைப் பார்ப்பது சுயநலமா?

நாங்குநேரி வாசகன்:
எங்கள் ஊர் முதலுதவித் தன்னார்வலர் குழுவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சென்ற வாரம் இரவு நான்குவழிச் சாலையில் பைக்கோடு விழுந்து கிடந்த ஒருவரைக் கண்டதும், நடுத்திட்டு அரளிச் செடிகளுக்குள் புகுந்து மறுபக்கம் ஓடினேன். ஒரு லாரி என்னை உரசாத குறையாகக் கடந்து போனது. குழுவில் மூத்த அண்ணன் கடிந்துகொண்டார். ஆனால் ஒருவர் இரத்தம் ஒழுகக் கிடக்கையில் நின்று சுற்றுமுற்றும் பார்ப்பதற்கு மனம் ஒப்பவில்லை. கூடியிருப்பவர்களும் ‘வேடிக்கை பார்க்கவா வந்தாய்?’ என்று ஏசுகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அம்பாசமுத்திரத்தான்:
தம்பி, நான் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் நீங்கள், அடுத்து உடன் வந்தவர், பிறகு சுற்றி நிற்பவர்கள், கடைசியாகத்தான் அடிபட்டவர் என்ற வரிசை கேட்பதற்குக் கல்நெஞ்சாகத் தோன்றும். ஆனால் நீங்களும் அடிபட்டு விழுந்தால், ஒருவருக்காக வரும் 108 வண்டி இருவருக்குப் போதாமல் போகும். அவருக்கு உதவ ஆளும் இருக்காது. வண்டியை ஓரம் கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, வாகனங்கள் வரும் திசையில் டார்ச்சுடன் ஒருவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, அறுந்த மின்கம்பியோ பெட்ரோல் வாடையோ உண்டா என்று பார்த்த பிறகு நெருங்குங்கள். இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது. கிணற்றில் இது இன்னும் கண்கூடு: மோட்டார் பார்க்க இறங்கியவர் விஷவாயுவில் மயங்கினால், அவரைத் தூக்கப் போகிறவரும் அதே வாயுவைத்தான் சுவாசிக்கிறார். அங்கே தீயணைப்புத் துறையை அழைப்பதே உதவி.

பாளை செவிலி:
அண்ணாச்சி சொன்னதோடு கையுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து குடித்தவரின் வாந்தியும் நனைந்த சட்டையும் தொடுபவரின் தோல் வழியாகவே உள்ளே இறங்கும். ஆகவே வெறுங்கையால் தொடாதீர்கள், வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், அவரை வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். விபத்தில் விழுந்தவருக்கு யாராவது சோடா கொண்டு வருவார்கள். அன்பாகத் தடுத்துவிடுங்கள், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். நினைவோடு இருப்பவரிடம் உங்கள் பெயரைச் சொல்லி, ‘தொட்டுப் பார்க்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். படம் எடுப்பது கூடவே கூடாது. தன்னார்வலர்கள் சிலர் இதில்தான் சறுக்குகிறார்கள் என்பது என் வருத்தம்.

போலீஸ் விசாரணைக்குப் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். நல்லெண்ணத்தில் உதவுபவரை 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு காக்கிறது. பணத்தை நினைத்துக் கலங்கும் குடும்பத்தாரிடம், சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பர் முதல் அரசுத் திட்டம் இருப்பதைச் சொல்லுங்கள்.

பொருநைக்கரையான்:
2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் இழுத்தது. மாட்டிக்கொண்ட பெரியவரை நோக்கி நீந்தப் போனவனைப் பிடித்து நிறுத்திவிட்டு, காலி பிளாஸ்டிக் குடத்தின் வாயை மூடிக் கட்டி, கழுத்தில் கயிறு முடிந்து எறிந்தோம். முதல் இரண்டு முறை குடம் தவறிப் போனது. மூன்றாவது முறை அவர் அதை அணைத்துக்கொண்டார். நீட்டவும் எறியவும் வழி இருக்கும்வரை நாங்கள் தண்ணீரில் இறங்குவதில்லை.

நாங்குநேரி வாசகன்:
மிக்க நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. ஏசுகிற கூட்டத்தை என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அம்பாசமுத்திரத்தான்:
எதிர்த்துப் பேசாதீர்கள், தம்பி. யார் அதிகமாகக் கத்துகிறாரோ, அவர் குடிக்காதவராக இருந்தால், அவர் கையிலேயே டார்ச்சைக் கொடுத்து, ‘அண்ணே, சாலையை விட்டு இறங்கி ஓரமாக நின்று வண்டிகளுக்கு வெளிச்சம் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள்.