முருங்கைச் சாறும் நகவெட்டியும்: விதை ஊறவைத்த அனுபவம் யாருக்கு இருக்கு?

மூன்றாம் மாடித் தோட்டம்:
மூன்று மாசமாகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். விதை நன்றாக முளைக்க முருங்கை இலைச் சாற்றில் ஊறவைக்கும் விஷயம் இங்கே எல்லாருக்கும் தெரியும், விளக்கப் போவதில்லை. இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையில் ஒரு கட்டு வாங்கி, கொழுந்தாகக் கிள்ளி, அரைத்து வடிகட்டி, ஒரு பங்கு சாற்றுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 12 பாகல் விதையை ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் டப்பாவோடு எங்கள் புளோக் சமூகத் தோட்டத்துக்குப் போனால் பக்கத்துப் பாத்தி சீன அங்கிளும் அன்றைக்குத்தான் பாகல் போடுகிறார். சும்மா இருந்திருக்கலாம். இந்த இலையில் சியாட்டின் என்ற வளர்ச்சி ஊக்கி இருக்கிறது, செல் பிரிய அது உதவும் என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து நான் பாடம் எடுக்க, அவர் தலையை ஆட்டிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்து ஒவ்வொரு விதையின் கூர்முனையிலும் டக், டக் என்று வெளி ஓட்டின் நுனியை மட்டும் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த டக் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. பத்தாம் நாள் அவர் பாத்தி முழுக்கப் பச்சை, எனக்கு 12-இல் 3. மீதியைத் தோண்டினால் வெளி ஓடு கல்லு மாதிரி, உள்ளே கூழாகி ஒரே நாற்றம்.

யீஷூன் கத்தரி:
உங்களுக்கு மூன்று விதையாவது முளைத்ததே. நான் கத்தரி விதையை வேப்பிலைச் சாற்றில் போட்டேன். பூஞ்சை வராது என்று எங்கேயோ படித்துவிட்டு, கிணற்றுப் பாசி நிறத்தில் கெட்டியாக அரைத்து ஒரு நாள் முழுக்க. பூஞ்சை வரவில்லை, செடியும் வரவில்லை, ஒன்றுகூட. புதுக்கோட்டையில் இருக்கும் மாமியாரிடம் வீடியோவில் காலித் தட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வேப்பிலை குமிஞ்சு கிடக்குற எடத்துல புல்லாவது மொளைச்சுப் பாத்திருக்கியா?" என்றார். அவ்வளவுதான், வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூரோங் மண்வெட்டி:
இரண்டு பேருமே சாற்றின் மேல் பழி போடுகிறீர்கள். விதை எப்போது வாங்கியது, எங்கே வைத்திருந்தீர்கள்? அதை யாரும் சொல்லவில்லையே. என் வெங்காய விதை ஒரு வருஷம் சமையலறை அலமாரியில் இருந்து மொத்தமும் செத்துப்போனது, எந்தச் சாறும் எழுப்பவில்லை. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்று தோராயமாக ஒரு கணக்கு உண்டு. நம்மூர்க் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும், உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். அதனால் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அப்புறம், ஊறவைத்த விதையை உடனே நடுவது ஒன்று, நிழலில் உலர்த்திப் பழைய எடைக்குக் கொண்டுவந்து நடுவது வேறு. ஊரில் விதையைக் கடினப்படுத்துவது என்று சொல்வது இரண்டாவதைத்தான். அப்படி உலர்த்தியதையும் ரொம்ப நாள் வைத்திருக்கக் கூடாது. எங்கள் அப்பா நெல்லுக்கு உப்புக் கரைசல் போடுவார். தண்ணீரில் நல்ல முட்டையைப் போட்டு, அது மிதந்து நாலணா அளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டி, மிதக்கிற பதரை அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுவார். பயறு விதைக்குக் கஞ்சி தொட்டு அரப்புத்தூள் பூசுவதும் உண்டு. முதலில் விதையைத் தேறவையுங்கள், சாறெல்லாம் அதற்குப் பிறகு.

புங்கோல் வெண்டை:
அண்ணே, 12 விதைக்கு முட்டையா? அவர் கேட்டது பாகல் ஓட்டைப் பற்றி. நீங்கள் நெல் வயலில் இறங்கிவிட்டீர்கள்.

என் கதை இளநீர். 1941-இலேயே ஆய்வுக்கூடத்தில் ஊமத்தைச் செடியின் கருவைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்து வளர்த்திருக்கிறார்கள், அதைப் படித்த வேகத்தில் இறங்கினேன். வெண்டை விதை 20 இளநீரில், 20 வெறும் குழாய்த் தண்ணீரில், ஒரே டிஷ்யூ, ஒரே தட்டு, நடுவில் மார்க்கரால் ஒரு கோடு. காரிடாரில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கதவைத் திறந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் கறுப்பாக எறும்பு, அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. கோட்டை மதித்த எறும்புகளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கழுவி எடுத்து வைத்தேன். கடைசியில் இளநீர்ப் பக்கம் 17, தண்ணீர்ப் பக்கம் 18. சாற்றில் முளைத்தது என்று படம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், பக்கத்தில் தண்ணீர்த் தட்டு எங்கே?

ஜூரோங் மண்வெட்டி:
நல்ல விதை என்றால் தண்ணீரே போதும், அதைத்தானே நானும் சொன்னேன். சோர்ந்த விதையில்தான் வித்தியாசம் தெரியும்.

புங்கோல் வெண்டை:
செத்த விதையை எந்தச் சாறும் எழுப்பாது என்று மேலே எழுதியதும் நீங்கள்தான்.

ஜூரோங் மண்வெட்டி:
சோர்ந்தது வேறு, செத்தது வேறு தம்பி.

மூன்றாம் மாடித் தோட்டம்:
சண்டை வேண்டாம். விதை புதுசுதான், போன தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்தது. நேற்று நகவெட்டியோடு மறுபடி போனேன். முதல் விதையிலேயே ஆழமாக வெட்டி உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பையும் சேர்த்து நறுக்கிவிட்டேன். அங்கிள் "ஐயோ" என்றார், அது சீனமா தமிழா தெரியவில்லை. என் கையைப் பிடித்து ஓடு லேசாக விரிசல் விடும் அளவுக்கு மட்டும் அழுத்திக் காட்டினார். நறுக்கி ஆறு சாற்றில், நறுக்கி ஆறு தண்ணீரில், நறுக்காமல் ஆறு தண்ணீரில் போட்டிருக்கிறேன், வெண்டைத் தம்பிக்காக. பத்து நாளில் எண்ணிக்கை சொல்கிறேன். கட்டில் மிச்சமிருந்த முருங்கைக்கீரை பொரியலாகிவிட்டது.