அமெரிக்கா ரெசிடென்சி இன்டர்வியூல என்னதான் பாக்குறாங்க?

தோட்டத்துப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு ஹட்டன் பக்கம், இன்டர்ன்ஷிப் முடிச்சு இப்ப ஒரு ஹொஸ்பிட்டல்ல எம்ஓவா (மெடிக்கல் ஒபிசர், டொக்டர்) இருக்கேன். அமெரிக்கால டொக்டராகுறதுக்கான ஸ்டெப் 1, ஸ்டெப் 2 பரீட்ச ரெண்டும் முடிச்சு, இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது ஹொஸ்பிட்டல்ல வேல செஞ்சுக்கிட்டே எடுக்குற பயிற்சிக்கு, போட்டதுல மூணு இன்டர்வியூ வந்திருக்கு. எனக்கு வெளங்காதது என்னன்னா, நம்ம நாட்டுல ஸ்கூல் ஓஎல்ல இருந்து டொக்டர்மாரோட மேல்படிப்பு பிஜிஐஎம் வரைக்கும் பரீட்ச எழுதுனோமா மார்க்ஸ் வந்துச்சா மெரிட் ஒழுங்குல எடுத்தாங்களா அவ்வளவுதான், வாய்மொழிப் பரீட்ச வைவாவுல கூட வியாதியப் பத்தித்தான் கேப்பாங்க, நீ யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. லயத்துல (தோட்டத்து வரிச வீட்டுல) வளந்தது, அம்மா கொழுந்து எடுக்குறது எல்லாம் சொல்லலாமா, இல்ல பரிதாபம் தேடுற மாதிரி ஆயிருமா? இன்னொன்னு, எந்த ஹொஸ்பிட்டல் வேணும்னு நாம வரிசப்படுத்திக் குடுக்குற ரேங்க் லிஸ்ட்ல பெரிய இடத்த மேல போட்டா கீழ உள்ளதும் கைவிட்டுப் போயிரும்னு கூட்டாளி ஒருத்தன் பயங்காட்டுறான்.

பனிக்காட்டான் (அமெரிக்கால ரெண்டாவது வருச ரெசிடென்ட்):
தம்பி, கூப்பிட்டுட்டாங்கன்னா மார்க்ஸோட வேல பெரும்பாலும் முடிஞ்சிருச்சு. 2022 ஜனவரியில இருந்து ஸ்டெப் 1க்கு பாஸ் பெயில் மட்டும்தானே, அதனால ஸ்டெப் 2 ஸ்கோர வச்சு வடிகட்டுறாங்க. அதுக்குப் பெறகு அவங்க பாக்குறது ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த ஆளோட ஒரே வார்டுல வேல செய்ய முடியுமான்னுதான்.

நான் முதல் இன்டர்வியூவுக்கு எல்லாத்தையும் பாடமாக்கிட்டுப் போயி ஒப்பிச்சேன், அந்தம்மா பாவம் தலையாட்டிக்கிட்டே இருந்தாங்க. அடுத்த எடத்துல "நீங்க இருந்ததால ஒரு நோயாளிக்கு என்ன மாறுச்சு"ன்னு கேட்டாங்க. கொழுந்து எடுக்குற ஒரு அம்மா நெஞ்சு கரிக்கிதுன்னு வந்து, துண்டுல கேஸ்ட்ரைடிஸ்னு எழுதி மருந்து குடுத்து அனுப்பப் பாத்தாங்க. நான் பக்கத்துல ஒக்காந்து எப்ப கரிக்கிதுன்னு கேட்டேன். "மேட்டுல ஏறுறப்பதான் டொக்டரய்யா, நிறுவைக்கு வந்து செத்த நேரம் குந்துனா போயிரும்"னாங்க. இசிஜி எடுத்துப் பாத்தா இருதயம். இதச் சொன்னதும் இன்டர்வியூ எடுத்தவரு பேனாவ கீழ வச்சிட்டாரு, மிச்ச நேரம் பூரா தேயிலத் தோட்டத்தப் பத்தித்தான் பேச்சு. இப்ப அங்கதான் வேல செய்றேன்.

அதனால லயத்த தாராளமா சொல்லுங்க, ஆனா கஷ்டத்தோட நிறுத்தாம அதுல வளந்ததால உங்க காதுக்கு மத்தவங்களுக்குக் கேக்காதது என்ன கேக்குதுன்னு சொல்லுங்க. "நீங்க செஞ்ச பிழை ஒன்னு சொல்லுங்க"ன்னு கட்டாயம் வரும், நெசமானதையே சொல்லுங்க. ரெசிடென்ட்மாரோட சும்மா பேசுற நேரம்னு ஒன்னு வைப்பாங்க, அது சும்மா இல்ல, அவங்க அபிப்பிராயமும் உள்ள போகும்.

கணக்குப்பிள்ளை:
ரேங்க் லிஸ்ட் விஷயத்துல கூட்டாளி சொல்றது பிழை. நீங்களும் ஹொஸ்பிட்டல்காரங்களும் குடுக்குற லிஸ்ட்ட வச்சு எடத்த ஒதுக்குற கம்ப்யூட்டர், உங்களுக்காக பொண்ணு பாக்கப் போற தரகர் மாதிரின்னு வச்சுக்கங்க, முதல்ல உங்க நம்பர் 1 வீட்டுக்குத்தான் போகும், அங்க முடியாதுன்னாத்தான் நம்பர் 2. அந்த ரெண்டாவது வீட்டுல ஏற்கனவே இன்னொருத்தர தற்காலிகமா புடிச்சு வச்சிருந்தாலும் உங்கள அவங்க லிஸ்ட்ல மேல போட்டிருந்தா அவர விட்டுட்டு உங்கள எடுத்துக்கும். ஆக மேல ஆசப்பட்டதால கீழ நட்டம் வராது. இந்தப் பொருத்தக் கணக்குக்குத்தான் 2012ல ஆல்வின் ராத்துக்கும் லாயிட் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் குடுத்தாங்க. ஆனா போகவே மாட்டேன்னு நெனைக்கிற எடத்த போட்றாதீங்க, மார்ச்ல மேட்ச் ஆயிட்டா, அதாவது அந்த எடம் உங்களுக்குப் பொருந்திட்டா, போயே ஆகணும். வேற எங்க எங்க போட்டிருக்கீங்க, எங்கள எத்தனாவதா போடுவீங்கன்னு அவங்க கேக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு, கேட்டா சிரிச்சுக்கிட்டே பேச்ச மாத்துங்க.

பதுளைக்காரி:
நான் யுகே பக்கம். இங்க இன்டர்வியூவும் கிட்டத்தட்ட பரீட்சதான், ஒரே கேள்விய எல்லாருக்கும் கேட்டு புள்ளி போடுறாங்க, அம்மா கத சொல்ல நேரமே இல்ல. தம்பி, ஊர்ல இருந்து ஒன்லைன்ல இன்டர்வியூ குடுக்குறதுன்னா நேரத்த சரியா பாத்துக்கங்க, குளிர்காலத்துல நியூயோர்க்ல காலைல 9 மணின்னா நமக்கு இரவு 7.30. மழ பேஞ்சா தோட்டத்துல கரண்டும் போகும் சிக்னலும் போகும், டவுன்ல யாரு வீட்டுலயாவது ஒக்காருங்க.

தோட்டத்துப் பையன்:
எல்லாருக்கும் நன்றி. டவுன்ல சித்தி வீட்டுல பேசிட்டேன். உன்னப் பத்தி சொல்லவான்னு அம்மாகிட்டயும் கேட்டேன், "நெசத்தத்தானே சொல்லப் போற, சொல்லு, தலைய சீவிக்கிட்டு ஒக்காரு"ன்னுச்சு.