டி. எம். நாயர்: தொழிலாளிக்காகப் பேசிய டாக்டரா, வெள்ளைக்காரனுக்குத் துணைபோனவரா?

தறிக்காரன்:
தி.நகர் டாக்டர் நாயர் சாலை எல்லோருக்கும் தெரியும், அந்த நாயர் யார் என்று கேட்டால் "நீதிக்கட்சி ஆரம்பிச்சவர்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எடின்பரோவில் படித்த காது மூக்கு தொண்டை டாக்டர் அவர். 1904 முதல் 1916 வரை சென்னை மாநகராட்சியில் திருவல்லிக்கேணி உறுப்பினர். ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிவது 1908. மில்களில் மின்விளக்கு வந்த பிறகு சில இடங்களில் ஆட்களை 14, 15 மணி நேரம் வேலை வாங்கினார்கள். விசாரிக்க அரசு ஆணையம் போட்டது, நாயரும் அதில் உறுப்பினர். வயதுவந்த ஆணுக்குச் சட்டத்தில் நேர வரம்பே வேண்டாம் என்றார்கள் மற்றவர்கள். இவர் ஒத்துக்கொள்ளாமல், 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தனியாக எழுதிக் கொடுத்தார். 1911 சட்டம் பஞ்சாலைகளுக்கு அதைத்தான் கொண்டுவந்தது.

மலைக்கோட்டை:
நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே மில் ஓடும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி அப்போது நெருக்கிக்கொண்டிருந்தவர்கள் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி மில் முதலாளிகள், அவர்கள் துணிக்கு இங்கிருந்து போட்டி வந்துவிட்டதே என்ற கவலையில். அதற்கு முன்பே அரசு போட்ட ஃப்ரீர் ஸ்மித் விசாரணைக் குழுவும் அதே 12 மணி நேரம்தான் சொல்லியிருந்தது. அப்புறம் 1916க்கு வாருங்கள். காங்கிரஸில் இருந்தவர், இம்பீரியல் சட்டசபைத் தேர்தலில் சீனிவாச சாஸ்திரியிடம் தோற்றார், அதே ஆண்டு புதுக்கட்சி. அடுத்த ஆண்டே அன்னி பெசன்ட் நடத்திய ஹோம் ரூல் (சுயாட்சி) இயக்கத்தை எதிர்த்து மேடை மேடையாகப் பேச்சு. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பழையபுத்தகம்:
ஒரு தேர்தல் தோல்வியில் எல்லாவற்றையும் அடக்காதீர்கள் ஐயா. மாநகராட்சியில் நாயரும், அவரோடு பிறகு கட்சி ஆரம்பித்த தியாகராயச் செட்டியாரும் எதிரெதிராக நின்று மோதிக்கொண்டிருந்தவர்கள். அவர்களைச் சேர்த்து வைத்தது டாக்டர் நடேசன். திருவல்லிக்கேணியில் பிராமணரல்லாத மாணவர்கள் தங்கிப் படிக்க விடுதி நடத்திய மனுஷர் அவர். அந்தப் பையன்களுக்கு இருந்த நெருக்கடி நாயர் தேர்தலில் தோற்றதாலா வந்தது? அன்னி பெசன்டோடு சண்டையும் 1916ல் முளைத்ததல்ல. 1913லேயே நாயரின் மருத்துவ இதழில் வந்த கட்டுரைக்காக அந்த அம்மையார் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றிருக்கிறார்.

மலைக்கோட்டை:
பிராமணரல்லாதாருக்குப் பிரதிநிதித்துவம் கேட்டதை நான் குறை சொல்லவே இல்லை. சுயாட்சியும் வேண்டும், அதில் எங்களுக்குப் பங்கும் வேண்டும் என்று கேட்டிருக்கலாமே! வெள்ளைக்கார அரசாங்கமே நடுவில் நின்று பார்த்துக்கொள்ளட்டும் என்றார்களே, அங்கேதான் இடிக்கிறது.

தறிக்காரன்:
துணைபோனவர் என்றால் அந்த அரசாங்கம் அவர் வாயை ஏன் கட்டியது? 1918ல் லண்டன் போனபோது அரசியல் பேசக்கூடாது என்று தடை போட்டார்கள், பிரபுக்கள் சபையில் சிலர் கேள்வி எழுப்பின பிறகுதான் விட்டார்கள். மறுவருஷம் உடம்பு முடியாத நிலையிலும் இந்திய அரசியல் சீர்திருத்தத்தை விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொல்ல மறுபடி போனார். சொல்வதற்குள் 1919 ஜூலை 17ல் லண்டனிலேயே இறந்துவிட்டார், வயது 51. சென்னை சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 28 பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். லங்காஷயருக்கும் லாபம் என்பதற்காக, 15 மணி நேரம் தறி முன்னால் நிற்கிறவனுக்கு ஓய்வு கேட்காமல் இருந்திருக்க வேண்டுமா?

மலைக்கோட்டை:
தடை விஷயம் நியாயமான வாதம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சொத்தும் வரியும் பார்த்து ஓட்டுரிமை கொடுத்த சபை அது. நீங்கள் சொல்லும் அந்தத் தறிக்காரனுக்கு ஓட்டே கிடையாது. ஜமீன்தாரும் வக்கீலும் போய் உட்கார்ந்தார்கள். 1908ல் மில் ஆளுக்காக எழுதியவர் ஆரம்பித்த கட்சியில் அவனுக்கு எங்கே இடம்?

தறிக்காரன்:
ஓட்டுரிமையை வரையறுத்தது பிரிட்டிஷ் அரசு, நாயர் இல்லை. அதே ஓட்டுரிமையில்தான் 1926ல் காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சியும் இங்கே நின்று ஜெயித்தது. கட்சி பிறகு ஜமீன்தார்கள் கைக்குப் போனது உண்மை, அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் அவருக்குப் பின்னால் கட்சியை நடத்தியவர்கள்.